அண்ணி தின்ற காந்தல்

என் வீட்டுச் சமையற்கட்டில் கேஸ் அடுப்புக்கு மேலே ஓர் ஆணியில் இரும்புச் சுரண்டி ஒன்று தொங்குகிறது. ஒரு சாண் நீளம் இருக்கும். பிடிக்கு மரம் கிடையாது, பழைய சைக்கிள் டியூபை வெட்டி இறுக்கிச் சுற்றியிருக்கும். முனை ஒரு காலத்தில் உளி மாதிரி நேராக இருந்தது. இப்போது ஒரு மூலை மட்டும் தேய்ந்து சரிந்து, நகம் வெட்டிப் போட்ட பிறை மாதிரி ஆகிவிட்டது. சுரங்கத்து ஒர்க்‌ஷாப்பில் வேண்டாமென்று வீசிய எஃகுத் துண்டில் என் அண்ணன் அடித்துக் கொண்டுவந்து கொடுத்தது அது. அதை வைத்து ஐம்பது வருஷம் சோற்றுச் சட்டியின் அடியைச் சுரண்டியவர் என் அண்ணி. நான் பிடித்தால் அது சட்டியில் சரியாக உட்காராது. வழுக்கிக்கொண்டே போகும். இத்தனைக்கும் நான் கரண்டி பிடிக்கத் தெரியாத ஆள் இல்லை.

ஒரே அடுப்படியில் நாலு அண்டா பிரியாணி இறக்கிய கை இது. ராபர்ட்சன்பேட்டையில் ஒரு வீட்டில் கல்யாணம் என்றால் முதலில் மண்டபத்துக்கு ஆள் போகுமா, என்னிடம் ஆள் வருமா என்று யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். அஞ்சாம் கிளாஸ் பாதியில் பையைத் தூக்கிப் போட்டவன் நான். ஓட்டல் படிப்புப் படித்து டை கட்டிய பிள்ளைகள் இன்றைக்கு என் அண்டா பக்கத்தில் நின்று, “மாஸ்டர், உப்பு பாருங்க” என்று கையேந்துகிறார்கள். தங்கச் சுரங்கத்தில் ஆள் குறைக்க ஆரம்பித்தபோது பாதி ஊர் விடியாத நேரத்து ரயிலில் பெங்களூருக்கு வேலை தேடிப் போனது. நானும் தொங்கிக்கொண்டு போனேன், அங்கே பெரிய பெரிய கிச்சனில் பாத்திரம் தேய்த்தேன், வெங்காயம் அரிந்தேன், பார்த்துப் பார்த்தே தொழிலைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்து இந்த ஊரிலேயே கடை போட்டேன். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சொன்னால் அது பொய். பெருமைக்காகத்தான் சொல்கிறேன். ஆனால் இன்றைக்கு எழுத உட்கார்ந்த காரணம் வேறு. பல வருஷமாகப் பல மேடையில் மைக்கைப் பிடித்து நான் ஒரு கதை சொல்லி வந்தேன். அந்தக் கதை தப்பு. அதைத் திருத்தியாக வேண்டும்.

அம்மா இறந்துபோன வருஷம், குடியாத்தம் பக்கத்திலிருந்த எங்கள் ஊரிலிருந்து அண்ணன் என்னை இங்கே கூட்டிவந்தார். எனக்குப் பதினைந்து வயசு. அண்ணனுக்கு நந்திதுர்க் சுரங்கத்தில் அண்டர்கிரவுண்டு வேலை. குடியிருப்பு, லைன் வீடு: ஒரே அறை, வாசலை ஒட்டித் தட்டி கட்டி மறைத்த சமையல் இடம். அண்ணிக்கு அப்போது இருபது வயசுதான் இருக்கும். கல்யாணமாகி ஒரு வருஷம் திரும்பியிருக்காது. அந்த ஒற்றை அறைக்குள் என்னைப் போல ஒரு தீனிக்காரன் வந்து விழுந்தேன். சுரங்கத்தில் என்னைச் சேர்க்கவில்லை. மார்பை அளந்து பார்த்து, வயசும் பத்தாது உடம்பும் பத்தாது என்று அனுப்பிவிட்டார்கள். அன்றைக்கு ராத்திரி நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்து அண்ணன் சொன்னார், “இவன ஊருக்கே அனுப்பிடலாம். ஒருத்தன் சம்பாத்தியத்துல மூணு பேரு எப்பிடி?” அண்ணி பாய் விரித்துக்கொண்டே சொன்னார், “ஒல கொதிக்கறப்ப ஒரு கைப்பிடி சேத்து போட்டா ஆச்சு. இருக்கட்டும் உடுங்க.” அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு அந்த வீட்டில் எழவில்லை.

நான் மைக்கில் சொன்னது இது இல்லை. அது வேறு.

அந்த வீட்டில் அண்ணி சோறு வடிக்கும் விதம் இன்றும் எனக்குக் கண்ணில் நிற்கிறது. மண்சட்டி இல்லை, அடி தடித்த அலுமினியச் சட்டி. கஞ்சியை வடித்துவிட்டு, விறகை வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்து அணைத்து, மிச்சமிருக்கும் தணல் மேல் சட்டியைத் திரும்ப ஏற்றி வைப்பார், ஈரம் போக. ஷிப்டு மாறுகிற சங்கு ஊதும். சுரங்கத்து ஆட்கள் சாரி சாரியாகத் தெருவில் நடந்து போவார்கள். அப்புறம்தான் சட்டி இறங்கும். அண்ணனுக்கும் எனக்கும் மேல் சோறு, ஒன்றோடொன்று ஒட்டாமல் மல்லிகைப் பூ கொட்டியது மாதிரி. நாங்கள் தின்று எழுந்த பிறகு அண்ணி சட்டியை மடியில் சாய்த்துக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து உட்காருவார். கர், கர் என்று சத்தம் வரும். ஒரு நாள் தண்ணீர் மொள்ளப் போகிற சாக்கில் எட்டிப் பார்த்தேன். சட்டி அடியில் ஒட்டிப் பழுப்பும் கறுப்புமாகத் தீய்ந்திருந்த காந்தலைச் சுரண்டி எடுத்து, உப்பும் பச்சை மிளகாயும் தொட்டுக்கொண்டு, நறநறவென்று மென்றுகொண்டிருந்தார். நல்ல சோறு ஒரு பருக்கை தட்டில் இல்லை. நான் குழாயடிக்கு ஓடிப்போய்க் குடத்தை வைத்துக்கொண்டு அழுதேன். எனக்காகத்தான் இவர் காந்தல் தின்கிறார், அந்த ‘ஒரு கைப்பிடி’ இவர் தட்டிலிருந்துதான் வந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த நினைப்புதான் என்னை ஆளாக்கியது. அதில் சந்தேகம் இல்லை. என் அடுப்பில் ஒரு சட்டியும் அடி பிடிக்கக் கூடாது என்று வைராக்கியம் வைத்தேன். தொழிலில் அதற்கே எனக்குப் பேர். வீடு கட்டிக் குடிபுகுந்த அன்று மைக்கை வாங்கிச் சொன்னேன். திருவிழா அன்னதானத்தில் சொன்னேன். ரிட்டயர் ஆன சுரங்கத் தொழிலாளர்கள் வருஷா வருஷம் கூடுகிற கூட்டத்தில் ஒவ்வொரு தடவையும் சொன்னேன்: “நான் மல்லிப்பூ சோறு துன்னேன். எங்க அண்ணி காந்தல் துன்னாங்க.” அந்த இடத்தில் ஒரு நிமிஷம் நிறுத்துவேன். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைப்பார்கள். முன்வரிசையில் அண்ணி தலையைக் குனிந்து புடவை நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருப்பார். அடக்கம் என்று நினைத்தேன்.

அண்ணன் காலமான பிறகு அண்ணியை எங்கள் வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டேன். அவர்களுக்குப் பிள்ளை கிடையாது. ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்தார். எங்கள் வீட்டில் அவருக்கு ராஜ மரியாதை, அதில் குறை சொல்ல யாராலும் முடியாது. காற்றோட்டமான அறை, முதல் தட்டு அவருக்கு, என் வீட்டுக்காரி குக்கரில் சோற்றைக் குழைய வைத்து, நெய் விட்டுப் பிசைந்து கொடுப்பாள். ஆறு மாசத்தில் அண்ணி இளைக்க ஆரம்பித்தார். ரவிக்கைக் கை தொளதொளவென்று தொங்கியது. முதலில் ஒரு ஊக்கு போட்டார், பிறகு ரெண்டு. பங்காருபேட்டையில் பெரிய டாக்டரிடம் காட்டினோம். ரத்தம், ஸ்கேன் எல்லாம் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை, வயசு என்றார். என்ன வைத்தாலும் ரெண்டு வாய். “நல்லா கீதுடா.” தட்டை ஒரு விரலால் தள்ளிவிடுவார். நான் விடுவேனா? நாட்டுக்கோழி, ஆட்டுக்கால், கேழ்வரகுக் களியோடு கருவாட்டுக் குழம்பு, சீரக சம்பாவில் பிரியாணி. ரெண்டு வாய். “நல்லா கீதுடா.” ஊர் வயிற்றையெல்லாம் நிரப்பியவன் நான். என்னை வளர்த்த ஒரு வயிற்றை நிரப்ப முடியவில்லை. பந்தியில் நிற்கும்போது ஜனங்கள் விரலை நக்கினால் எனக்கு எரிச்சல் வர ஆரம்பித்தது.

அந்தச் சமயத்தில்தான் என் மகள் லீவில் வந்தாள். பெங்களூர்க் கம்பெனி அவளை ஸ்பெயின் நாட்டில் வலென்சியா என்கிற ஊருக்கு அனுப்பி ரெண்டு வருஷம் ஆகியிருந்தது. வந்ததும் பெரியம்மாவைக் கட்டிப் பிடித்தவள், கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அன்று சாயங்காலம் பெட்டியிலிருந்து ஒரு சின்ன அரிசி மூட்டையையும், புகை போட்டு இடித்த மிளகாய்த் தூள் டப்பாவையும், குங்குமப்பூவையும் எடுத்து வைத்தாள்.

“டாடி, பெரியம்மாவுக்கு நாக்கு செத்துப் போச்சு. பழகின ருசி எதுவும் இனி எடுபடாது. ஸ்பானிஷ் டின்னர் பண்ணலாம்.”

செல்போனில் படம் காட்டினாள். தாம்பாளம் மாதிரி அகலமான ஓர் இரும்புச் சட்டியில் ஒரு விரற்கடை உயரத்துக்குச் சோறு. மேலே கோழித் துண்டு, பீன்ஸ். பயேயா என்று பேராம்.

“இன்னாம்மா இது, பரோட்டா கல்லுல சோறு ஆக்கி வெச்சிக்கீறாங்க?” என்றேன்.

“நீங்க பேசாம நான் சொல்றத கேளுங்க. மூடி போடக் கூடாது. அரிசி போட்டப்புறம் கரண்டியே உள்ள போகக் கூடாது. கைய பின்னால கட்டினு நிக்கணும்.”

“எனக்கே பாடமா?”

“ஆமா, உங்களுக்கேதான்.”

சரி என்றேன். சரி என்று சொல்லிவிட்டு, எலுமிச்சம்பழம் வாங்கி வா என்று அவளைக் கடைக்கு அனுப்பினேன். அவள் தெரு திரும்பியதும் என் பிரியாணித் தேக்சாவை ஏற்றினேன். அவள் கொண்டுவந்த அரிசியில் பாதி, அவள் மிளகாய்த் தூள், அவள் குங்குமப்பூ, எல்லாம் அவள் சொன்ன அளவுதான். ஆனால் மூடி போடாமல் சோறு ஆக்குவது என்ன வேலை? பாதி வெந்ததும் மூடி வைத்து, விளிம்பெல்லாம் கோதுமை மாவால் அடைத்து, மேலே தணல் கொட்டி தம் போட்டுவிட்டேன். உலகத்தில் எந்த நாட்டு அரிசியும் தம்முக்கு மசியாமல் போனதில்லை என்பது என் எண்ணம். மகள் வந்து பார்த்தாள். மூடியைத் திறந்தேன். மணம் என்றால் அப்படி ஒரு மணம், சோறு இதழ் இதழாக உதிர்ந்தது.

“டாடி, இது ஸ்பெயின் இல்ல. ஆம்பூர்” என்றாள்.

என் வீட்டுக்காரி சிரித்தாள். மகள் சிரிக்கவில்லை. அண்ணிக்கு ஒரு தட்டு கொண்டுபோனேன். ரெண்டு வாய். “நல்லா கீதுடா.” ஒரு விரல். திரும்பி வந்த தட்டை மகள் வாங்கிக்கொண்டு சொன்னாள், “நீங்க பெரியம்மாவுக்கு சமைக்கல டாடி. மாஸ்டர்னு நாலு பேரு சொல்லணும்னு சமைக்கறீங்க.” என் வயசுக்கு, என் அனுபவத்துக்கு, இதை வேறு யாராவது சொல்லியிருந்தால் வாசலைக் காட்டியிருப்பேன். சொன்னது என் மகள். அதைவிட, சொன்னது நிஜம். மீதி அரிசி ஒரு சமையலுக்குத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைக்கு நாள் வைத்தோம். ஆண்டர்சன்பேட்டை வெல்டிங் கடையில் உட்கார்ந்து, தகட்டை வட்டமாக வெட்டி, விளிம்பை ரெண்டு விரல் உயரத்துக்கு எழுப்பி, ரெண்டு காது வைத்து வாங்கி வந்தேன். அதைத் தேய்த்து, எண்ணெய் தடவி, மூன்று நாள் காய வைத்துப் பதப்படுத்தியதும் நான்தான். இந்த ஊரில் அப்படிச் சட்டியைப் பதப்படுத்த வேறு ஆள் கிடையாது. பின்கட்டில் செங்கல் அடுக்கி, புளியங்கட்டை விறகு போட்டோம். அந்த ஊரில் ஆரஞ்சு மரத்து விறகு போடுவார்களாம். வெயில் இறங்கிய நேரம், சுரங்கத்துக் கழிவு மண்ணைக் கொட்டிக் குவித்த சயனைடு மேடு செக்கச்செவேல் என்று தெரிந்தது. மகள் தணலில் ரொட்டியை வாட்டி, பூண்டைத் தேய்த்து, தக்காளியைப் பிளந்து அதன் மேலேயே அரக்கித் தேய்த்து, எண்ணெய் ஊற்றி வைத்தாள். உருளைக்கிழங்கைப் போட்டுத் தடியாக ஒரு முட்டை அடை சுட்டாள். தக்காளியையும் வெள்ளரிக்காயையும் பச்சையாக அரைத்து ஜில்லென்று ஒரு சூப். என் வீட்டுக்காரி அதில் ஒரு ஸ்பூன் வாயில் விட்டுப் பார்த்து, “கொதிக்க வெக்காத ரசத்த எங்க மாமியார் காலத்துல குடுத்திருந்தா, ஊட்ட உட்டே தொரத்தி இருப்பாங்க” என்றாள். சொல்லிவிட்டு ஒரு டம்ளர் குடித்தாள்.

நான் சட்டியைப் பார்த்துக்கொண்டேன். எண்ணெயில் உப்புப் போட்டு, கோழித் துண்டுகளை நிறம் மாறப் பொரித்து, பீன்ஸ், துருவிய தக்காளி, மிளகாய்த் தூள், தண்ணீர், குங்குமப்பூ. கொதி வந்ததும் அரிசியை மகள் தன் கையால் தூவினாள். அதற்குப் பிறகு, அவள் சொன்னபடியே, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். இத்தனை வருஷத் தொழிலில் அதைவிடக் கஷ்டமான கால்மணி நேரம் எனக்கு இருந்ததில்லை. தண்ணீர் வற்ற வற்றச் சத்தம் மாறியது. தளதளவென்று கொதித்தது படபடவென்று பொரிய ஆரம்பித்தது. அப்புறம் அந்த வாசனை எழுந்தது. அடி பிடிக்கிற வாசனை. கல்யாண வீட்டில் அந்த வாசனை ஓர் இழை வந்தால் போதும், மாஸ்டரின் மானம் போயிற்று. என் கை எனக்குத் தெரியாமலே தண்ணீர்ச் செம்பை எடுத்துவிட்டது. மகள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“டாடி. இதுதான் வேணும். இதுக்குத்தான் இவ்ளோ பாடு.”

“தீயுதும்மா!”

“தீயட்டும்.”

உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. “எவடா அது அடுப்பாண்ட? அடி புடிக்குது!”

அண்ணி. ஒரு மாசமாகத் தட்டு அவர் அறைக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு பின்கட்டு வாசலுக்கு வந்து நின்றார். சட்டியைப் பார்த்தார். மூக்கை உறிஞ்சினார். திரும்பி உள்ளே போய்விட்டார். கோபித்துக்கொண்டார் என்று நினைத்தேன். காந்தல் வாசனை அந்தப் பழைய கஷ்டத்தையெல்லாம் கிளறிவிட்டது போலிருக்கிறது, என்ன காரியம் செய்தேன் என்று கையிலிருந்த செம்பைக் கீழே வைத்தேன். டிரங்குப் பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தார். கையில் இந்தச் சுரண்டி.

மகள் ஒரு மணையைப் போட்டாள். “பெரியம்மா, அந்த ஊர்ல இதுக்கு சொக்கராத்னு தனிப் பேரே இருக்குது. சட்டிய நடுவுல வெச்சி, ஆளுக்கு ஒரு ஸ்பூன் எடுத்துகினு சுத்தி உக்காருவாங்க. இந்த அடிக்கு சண்டையே நடக்கும்.”

“ஊருக்கு முன்னாடியா துன்றாங்க?”

“ஆமா.”

“புத்திசாலிங்க” என்று சொல்லி அண்ணி உட்கார்ந்தார். மேலிருந்த சோற்றையும் கோழியையும் ஒதுக்கினார். சுரண்டியை இடது கையில் பிடித்து, விளிம்போரமாக வைத்து ஒரு தள்ளு. கர் என்று ஒரு கையகலத் தகடு, தேன் நிறத்தில், பெயர்ந்து வந்தது.

நான் பதறிப்போய்க் குனிந்து சுரண்டியைப் பிடித்துக்கொண்டேன். “அண்ணி, வேணாம். எனக்காக நீங்க துன்ன காந்தல் போதும். இனிமே என் ஊட்ல நீங்க இத தொடக் கூடாது. மேல் சோறு துன்னுங்க.” குரல் உடைந்துவிட்டது. மைக் இல்லாமலே.

அண்ணி என் புறங்கையில் பட்டென்று ஓர் அடி கொடுத்தார். “எட்றா கைய! மைக்குல ஊரக் கூட்டி வெச்சி அழுதது போதாதுன்னு இங்க வேற அழுவறியா? எனக்குக் காந்தல்னா உசுருடா.”

எனக்குப் புரியவில்லை.

“பொறந்த ஊட்ல நாலு அண்ணனுங்க. சட்டி எறங்கறதுக்குள்ள அடிய பேத்து துன்னுட்டு போயிடுவானுங்க. எனக்கு மோந்து பாக்கக்கூட கெடைக்காது. கல்யாணம் கட்டினு வந்ததுல எனக்குன்னு கெடச்ச மொத சொத்து அந்த சட்டி அடிதான். சோறு வடிச்சிட்டு தணல்ல வெச்சன்னா, சங்கு ஊதி, ஷிப்டு ஆளுங்க கடேசி ஆளு தெருவ தாண்டற வரைக்கும் எறக்க மாட்டேன். அப்பதான் பதமா புடிக்கும்.”

“அப்ப ஏன் செவுத்த பாத்துகினு துன்னீங்க?”

“புதுப் பொண்ணு தெனம் அடி புடிக்க வெக்கிறான்னு உங்க அண்ணனுக்கு தெரிஞ்சா இன்னா சொல்லுவாரு? அதுவும் இல்லாம, நீ வேற பக்கத்துல நின்னுகினு இருப்ப, பாத்தா கேப்ப. உன் மேல பாசம்தான்டா எனக்கு. காந்தல குடுக்கற அளவுக்கு இல்ல.”

என் மகள் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிவிட்டாள். அவள் தோள் குலுங்கியது. நான் விடவில்லை. “இத்தினி வருஷமா மைக்குல நான் சொன்னப்ப ஏன் ஒரு வார்த்த சொல்லல?”

“எப்ப சொல்றது? நீ மைக்க எங்க கீழ வெச்ச?”

“சரி, இங்க வந்தாவது கேட்டிருக்கலாம் இல்ல?”

அண்ணி என் வீட்டுக்காரியைப் பார்த்தார். “பாவம், இவ பூவாட்டம் சோத்த கொழைய வெச்சி, நெய்ய ஊத்தி, மொத தட்டு எனக்கு வெக்கிறா. அவகிட்ட போயி கருக்கிக் குடுன்னு கேப்பனா? அடுத்த ஊட்டு அடுப்பு அது.” என் வீட்டுக்காரிக்குக் கண் கலங்கிவிட்டது. “அடுத்த ஊடா அக்கா இது? சொல்லி இருந்தா அந்தக் குக்கர தூக்கி கெணத்துல போட்டிருப்பனே” என்றாள். அண்ணிக்கு வாய் நிறைய இருந்தது. ஒரு தகடு, இன்னொரு தகடு. கோழியும் ஒரு துண்டு. தக்காளி ரொட்டியை அந்தச் சூப்பில் நனைத்துப் பாதி. ரெண்டு வாயோடு நிற்கவில்லை. நான் எண்ணாமல் இருக்க முயற்சி செய்தேன், ஆனால் எண்ணினேன்.

சந்தோஷம்தான். ஆனால் என்னைப் போன்றவனுக்கு மனசுக்குள் ஒரு முள் இருக்கும் இல்லையா? இத்தனை வருஷம் நான் தலையில் தூக்கிவைத்து ஆடிய கதை ஒரு நிமிஷத்தில் சிரிப்பாகிவிட்டது. அதனால் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்னவோ. “அண்ணனுக்குப் பாறை வுழுந்து கை நசுங்கி ஊட்ல படுத்திருந்தாரே, அந்த மாசம்? ஒலையில அரிசியே பாதிதான் போட்டீங்க. அந்த மாசமும் ஆசைக்கா காந்தல் துன்னீங்க?”

சுரண்டி நின்றது. அண்ணி நிமிரவில்லை.

“அந்த மாசம் வேற” என்றார். “அத்த உடு.”

பிறகு சட்டியின் நடுவில், நன்றாகச் சிவந்திருந்த இடத்தில், சுரண்டியை வைத்துக் கட்டை விரல் நகத்தளவு ஒரு துண்டு பெயர்த்தார். என்னிடம் நீட்டினார். “இந்தா. ஒன்னுதான். இன்னொரு தபா கை நீட்டாத.”

வாயில் போட்டேன். கோழியின் சாறும் உப்பும் புகையும் எண்ணெயும் எல்லாம் இறங்கி வற்றி அடியில் போய் உட்கார்ந்துகொண்ட ருசி. ஓரத்தில் ஒரு துளிக் கசப்பு. மேல் சோற்றில் இருப்பதெல்லாம் இதன் நிழல்தான். ஆயிரக்கணக்கான பேருக்குச் சமைத்தவன், எந்தச் சட்டியிலும் நல்லதெல்லாம் இறங்கிச் சேருகிற இடம் எது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். இன்னொரு துண்டுக்குக் கை போனது. பட்டென்று ஓர் அடி விழுந்தது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றால் சட்டி அடி பிடிக்க வேண்டும். குக்கர் பரணுக்குப் போனது. மகள் திரும்பிப் போய்விட்டாள், அந்த அரிசியும் தீர்ந்தது, நான் சீரக சம்பாவிலேயே கணக்குப் பிடித்துக்கொண்டேன். வலென்சியாக்காரன் வந்து தின்று பார்த்துக் குறை சொல்லட்டும் பார்க்கலாம். மற்ற நாளில் என் வீட்டுக்காரி வடித்து, தணலுக்குப் பதிலாகக் கேஸை இறக்கி வைத்து, சுரங்கத்தை மூடிச் சங்கு ஊதாமல் போன ஊரில் சங்குக்குப் பதில் செல்போனில் அலாரம் வைத்துக் காந்தல் பிடிக்க வைத்தாள். மூன்று மாசத்தில் அண்ணியின் ரவிக்கையில் ரெண்டு ஊக்கும் கழன்றன.

தொழிலாளர்கள் கூட்டம் அந்த வருஷமும் வந்தது. கதையைத் திருத்திச் சொல்லிவிடலாம் என்று மைக்கை வாங்கினேன். “எங்க அண்ணி” என்று ஆரம்பித்தேன். முன்வரிசையிலிருந்து, “டேய்” என்று ஒரே ஒரு சத்தம். மைக்கைக் கொடுத்துவிட்டு இறங்கினேன். அதனால்தான் எழுதுகிறேன். எழுத்தில் நடுவில் யாரும் ‘டேய்’ என்று சொல்ல முடியாது.

அண்ணி அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் இருந்தார். குளியலறையில் கால் வழுக்கி, பத்து நாள் படுத்து, போய்ச் சேர்ந்தார். அந்தப் பத்து நாளில் கடைசி மூன்று நாள் தவிர மற்ற நாளெல்லாம் காந்தலைப் பாலில் ஊறவைக்கச் சொல்லிக் கேட்டு வாங்கித் தின்றார்.

மேடையில் நான் சொல்லியிருக்க வேண்டியது என்ன என்று இப்போது தெரிகிறது. “ஒரு கைப்பிடி சேத்து போட்டா ஆச்சு.” அதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். பாய் விரித்துக்கொண்டே, பெரிய காரியம் செய்கிறோம் என்கிற நினைப்பே இல்லாமல் சொன்ன பேச்சு. அந்தக் கைப்பிடியில்தான் நான் வளர்ந்தேன், வீடு கட்டினேன், மகளைப் படிக்கவைத்தேன். அழுதுகொண்டே கொடுத்தால்தான் கொடுத்தது என்று நான் நினைத்திருந்தேன். அவர் தனக்குப் பிடித்ததை எடுத்து வைத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டே எனக்குக் கொடுத்திருக்கிறார். அதனால் என் நன்றி குறையவில்லை. இத்தனை நாள் பாரமாக இருந்தது, இப்போது அப்படி இல்லை. அந்த ஒரு மாசம் மட்டும் வேறு. அதை அவர் விடச் சொன்னார், விட்டுவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பயேயா செய்தேன். சத்தம் மாறி, வாசனை எழுந்தது. செம்புப் பக்கம் என் கை போகவில்லை. சட்டியை இறக்கி, ஆணியிலிருந்து சுரண்டியை எடுத்தேன். விளிம்போரமாக வைத்துத் தள்ளினேன். வழக்கம்போல வழுக்கியது. மறுபடி தள்ளினேன். வழுக்கியது. தேய்ந்த மூலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு இடது கைக்கு மாற்றிப் பிடித்தேன். கர் என்று வந்தது.

என் வீட்டுக்காரி, “எனக்கு?” என்று கை நீட்டினாள்.

சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.